குறியாக்கம் சரி, எதிரே இருப்பது யார்?

அமேசான் ஆர்டிஎஸ்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸோடு நம் செயலி பாதுகாப்பாகப் பேசுகிறதா என்பதை ‘எஸ்எஸ்எல்மோட்’ என்ற ஒரு அமைப்புதான் தீர்மானிக்கிறது. யாரும் அதைத் தொடாவிட்டால் ‘பிரிஃபர்’. கிளையன்ட் 8 பைட் அனுப்பி டிஎல்எஸ் உண்டா என்று கேட்கும்; சர்வர் ‘எஸ்’ அல்லது ‘என்’ என ஒரே எழுத்தில் பதில் சொல்லும். நடுவில் புகுந்தவன் ‘என்’ என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சு வெட்டவெளியில் தொடரும். பாதுகாப்பு நோக்கில் இதற்குப் பொருளில்லை என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

எனவே பலர் ‘ரிக்வயர்’ போட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஆர்டிஎஸ்ஸும் குறியாக்கமற்ற இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது. ஒட்டுக்கேட்பவனுக்கு இது தடைதான். ஆனால் ரூட் சான்றிதழ் கோப்பைக் கொடுக்காதவரை ‘ரிக்வயர்’ எதையும் சரிபார்க்காது. போலி சர்வரோடும் அதே குறியாக்கத்தில் உறவாடும். கிளையன்ட் சரிபார்த்ததா என்பது சர்வருக்குத் தெரியவும் தெரியாது. தணிக்கைக்கு வருபவர் சர்வரில் டிஎல்எஸ் ஓடுவதைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போவார்.

‘வெரிஃபை-சிஏ’ இன்னும் ஏமாற்றும். சான்றிதழில் அமேசானின் கையொப்பம் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. அந்தக் கையொப்பம் ஆர்டிஎஸ் வாடகைக்கு எடுத்த எவருக்கும் கிடைக்கும். நம் தரவுத்தளம் என்று உறுதி செய்ய, பெயரையும் ஒப்பிடும் ‘வெரிஃபை-ஃபுல்’ தேவை.

எல்லாம் விபிசிக்குள்தானே, இவ்வளவு எதற்கு என்பார்கள். பாதி நியாயம்: அங்கே வெளியாள் இடையில் புகுவது கடினம். ஆனால் டிஎன்எஸ் பதிவை மாற்றும் உரிமை பெற்ற உள்ளாளை விபிசி தடுக்காது.

வலுவான எதிர்வாதம் பராமரிப்பு. 2019-இன் ரூட் சான்றிதழ் 2024 ஆகஸ்டில் காலாவதியானது. அதை மாற்ற மறந்தால் அடிபடுவது சரிபார்த்தவர்தான். ‘ரிக்வயர்’காரருக்கு ஒன்றும் ஆகாது. கண்டிப்பானவருக்குத் தண்டனை! ஆனாலும் இப்போதைய ரூட்களின் ஆயுள் 40 ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அமேசான் தரும் சான்றிதழ்த் தொகுப்பை ஒருமுறை செயலியோடு சேர்த்தால் வேலை முடிந்தது.

என் தீர்ப்பு ‘வெரிஃபை-ஃபுல்’ மட்டுமே. சொந்தமாக ஒரு சிநேம் வைத்துப் பெயர் ஒத்துவராமல் பிழை வந்தால், ‘ரிக்வயர்’க்கு இறங்காதீர்கள், ஆர்டிஎஸ் தந்த எண்ட்பாயின்ட் பெயரையே இணைப்பில் போடுங்கள்.