செம்புக் கம்பியும் நான்கு இழைகளும்

குளிர்ந்த, தெளிந்த ஓடுநீரில் வாழும் டிரவுட் மீன், தன் உணவின் பெரும்பகுதியை ஆற்றுப் பூச்சிகளிலிருந்தே பெறுகிறது. அப்பூச்சிகள் தூண்டில் முள்ளில் கோக்க முடியாத அளவுக்கு மென்மையானவை என்பதால், முள்ளின் மேல் இறகு, உரோமம், நூல், கம்பி ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியின் தோற்றத்தை உண்டாக்கும் கலை பிறந்தது. அவ்வாறு கட்டப்படும் பொருளைப் பொய்ப்பூச்சி எனலாம். புழுவுக்கு இருக்கும் மணமும் சுவையும் இதற்கு இல்லை. ஓடும் நீரில் ஓரிரு நொடிகள் மீனின் கண்ணில் படுகிற உருவத்தையும் அசைவையும் மட்டுமே நம்பி இது செய்யப்படுகிறது.

இக்கலை மிகப் பழையது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, மெழுகு நிறச் சேவல் இறகுகள் இரண்டைச் சேர்த்துப் புள்ளியுடைய மீன்களைப் பிடித்ததைக் குறித்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் மீன்பிடிப்பு நூல் 12 பொய்ப்பூச்சிகளுக்கான செய்முறையைத் தருகிறது. ஆனால் கட்டும் முறை ஒரு துறையாக முதிர்ந்தது 19ஆம் நூற்றாண்டில், சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் தெளிந்த தென் இங்கிலாந்து ஆறுகளில்தான். ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு 1886இல் வெளியிட்ட நூலில், நீரின் மேல் மிதக்கும் பூச்சிகளைக் கட்டும் முறைகளை ஒழுங்குபடுத்தினார். சேவலின் கழுத்து இறகை முள்ளின் தலைப்பகுதியில் சுற்றினால், அதன் விறைப்பான இழைகள் கால்களைப் போல எல்லாப் பக்கமும் விரிந்து, நீர்ப்பரப்பின் இழுவிசையின் மேல் முள்ளைத் தாங்கி நிற்கும்; பெட்டையின் இறகோ மென்மையானது, நீரை உறிஞ்சி அமிழும். சேவலுக்கும் பெட்டைக்கும் உள்ள இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்தவருக்கே இறகைத் தேர்ந்தெடுக்கும் கண் வாய்க்கிறது.

மிதக்கும் பூச்சியே முறையானது என்று ஹால்ஃபோர்டின் வழிவந்தோர் உறுதியாக நின்றபோது, நீருக்குள் உண்ணும் மீனை நீருக்குள்ளேயே அணுக வேண்டும் என்று ஜி.இ.எம். ஸ்கூஸ் 1910 முதல் வாதிட்டார். உயிரியல் அவர் பக்கமே இருந்தது. மேஃபிளை எனப்படும் பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இறக்கையற்ற இளம்பூச்சியாக, அதாவது நிம்ஃபாக, ஆற்றின் அடியில் கழிக்கிறது. இறக்கை முளைத்தபின் அது வாழ்வதோ சில மணி நேரம் அல்லது சில நாட்களே.

இந்த நிம்ஃபைக் கட்டுவதில் உச்சத்தைத் தொட்டவர் வில்ட்ஷயரின் ஏவன் ஆற்றில் ஆற்றுக்காவலராகப் பணியாற்றிய ஃபிராங்க் சாயர். நீந்தும் இளம்பூச்சி தன் கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதை அவர் நீரருகே நின்று கவனித்தார். எனவே கால்களாக இறகு சுற்றுவதையே விட்டுவிட்டார். நூலையும் விட்டார். எஞ்சியவை இரண்டே பொருள்கள்: மயிரிழை போன்ற செம்புக் கம்பியும், ஃபெசன்ட் என்னும் காட்டுப் பறவைச் சேவலின் வால் இறகிலிருந்து எடுத்த நான்கு செம்பழுப்பு இழைகளும்.

முள்ளை வைஸ் எனப்படும் சிறு பிடிகருவியில் பொருத்தி, முதலில் கம்பியை மட்டும் சுற்றி, நூல் கோக்கும் துளையின் பின்னே சற்றுத் தடித்த மேடாக மார்புப் பகுதியை எழுப்ப வேண்டும். பின்னர் நான்கு இழைகளின் நுனிகள் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வாலாக நீட்டிக்கொண்டிருக்கும்படி கம்பியால் கட்டி, இழைகளையும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி முன்னோக்கிச் சுற்றி வந்து, மார்பின் மேல் இழைகளை முன்னும் பின்னுமாக மடித்து, இறக்கை வெளிவரக் காத்திருக்கும் பையைப் போல அமைத்து முடிக்க வேண்டும். கம்பி கட்டுகிறது, எடை தந்து அமிழ்த்துகிறது, உடலின் கணுக்களுக்கிடையே மங்கலாக மின்னவும் செய்கிறது. ஒரே பொருள் மூன்று வேலைகளைச் செய்யும்போது மூன்றாவது பொருளுக்கு இடமில்லை. பின்னாளில் அமெரிக்காவில் மயில்தோகை இழையால் மார்பு செய்து, கால்களும் சேர்த்தனர். அது அழகியது, மீனும் பிடிக்கும், எனினும் சாயரின் மூலவடிவில் உள்ள செறிவு அதில் தளர்ந்துவிட்டது.

வீட்டு மேசையில் ஒரு விளக்கு, கத்தரிக்கோல், வைஸ் ஆகியவற்றுடன் தொடங்குபவர் பெரும்பாலும் செய்யும் பிழை மிகுதியே: ஒரு சென்டிமீட்டர்கூட நீளாத முள்ளில் எட்டு இழைகளைத் திணித்து, துளையருகே இடமின்றி முடிச்சிடத் திண்டாடுவது. மீன்பிடிப்புக்குத் தடையுள்ள குளிர்கால மாலைகளில் ஒரே வடிவத்தைப் பத்து, இருபது என்று கட்டும்போதுதான், கம்பி அறுவதற்குச் சற்று முன்வரை இழுக்கும் பதத்தை விரல்கள் தாமே அறிந்துகொள்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் இக்கலையில் ஒரு பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில், மெழுகு உருட்டி ஒட்டியதுபோல் பளபளக்கும் வெளிர்மஞ்சள் புள்ளிகளுடைய இறகுகள் உண்டு. அவற்றைப் பொய்ப்பூச்சியின் கன்னத்தில் கண்ணாக வைப்பதற்கு ஐரோப்பியர் பெரிதும் விரும்பினர். அந்த விருப்பத்தால் பறவை பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டது வருந்தத்தக்கது. இன்று அது சட்டத்தால் காக்கப்படுகிறது. இறகின் ஏற்றுமதிக்கும் தடை உள்ளது. நீலகிரியின் ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கு அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணையும் அமைந்தது. அக்காட்டுக்கோழியும் அம்மீனும் ஒரே மலைத்தொடரில் வாழ்கின்றன.

சாயரின் நிம்ஃபைப் பல மீன்கள் கடித்தபின், அவற்றின் கூர்ப்பற்களில் சிக்கி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பிசிறுகள் காலைப்போல் வெளியே நீள, அடியிலுள்ள செம்பு ஓரிடத்தில் தெரியத் தொடங்கும். தேர்ந்தவர்கள் அதைக் களைவதில்லை. புதியதைப் பெட்டியில் விட்டுவிட்டு, பிசிறு தட்டிய அந்தப் பழையதையே மீண்டும் தூண்டில் நரம்பின் நுனியில் கட்டுகிறார்கள்.