விலகினானா, விலக்கினார்களா?

கல்லூரிப் பேச்சில் ஒரு சொல் புழங்குகிறது: டிபார். வருகைப் பதிவு குறைந்தாலோ, பிட் அடித்து மாட்டினாலோ தேர்வு எழுத விட மாட்டார்கள். இதைப் பசங்க எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். "அவனை டிபார் பண்ணிட்டாங்க" என்றும் சொல்வார்கள். ஆனால் என் காதில் அதிகம் விழுவது "அவன் டிபார் ஆயிட்டான்". காய்ச்சல் வந்த மாதிரி, பஸ் போய்விட்ட மாதிரி, அது அவனுக்கு ஆகிவிட்டது. யார் செய்தார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது.

இந்தச் சொல்லுக்கு இணையத்தில் பொருள் தேடினால் தடு, தடைசெய், விலக்கு என்று வரும். ஆங்கில இணைச்சொற்கள் கேட்டால் பான், எக்ஸ்க்ளூட், ஃபர்பிட், புரொஹிபிட், ப்ரிக்ளூட் எல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையாக நிற்கும். எதை எடுத்தாலும் வேலை நடந்துவிடும் என்பது போல. நடக்காது.

பான் என்பது அடிப்படையில் தண்டோரா. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கூவி அழைத்தல், அறிவித்தல் என்றுதான் பொருள். தேவாலயத்தில் திருமண அறிவிப்பை மூன்று வாரம் வாசிப்பார்களே, அந்த 'பான்ஸ்' இதே குடும்பம். தண்டோரா எல்லாருக்கும் பொது. ஃபர்பிட் நேருக்கு நேர் நடப்பது, அப்பா மகளிடம் "போகக் கூடாது" என்பது போல. எக்ஸ்க்ளூட்டின் லத்தீன் வேரில் வெளியே நிறுத்திக் கதவை அடைப்பது இருக்கிறது. ப்ரிக்ளூட்டுக்கு ஆளே வேண்டாம், சூழ்நிலையே வழியை அடைத்துவிடும். புரொஹிபிட் சட்டப் புத்தகத்துச் சொல், அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை.

டிபார் வேறு ஜாதி. சிகரெட்டை பான் பண்ணலாம், டிபார் பண்ண முடியாது. டிபார் ஆவதற்கு ஒரு மனிதர் வேண்டும், மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலில் அவரை மட்டும் நிறுத்தும் ஒருவர் வேண்டும். யார், யாரை, எதிலிருந்து என்று மூன்று நாற்காலி போட்டு வைத்திருக்கும் சொல் அது. செயப்பாட்டு வினையில் எழுதும்போது முதல் நாற்காலி காலியாகிறது. "ஆயிட்டான்" என்னும்போது அந்த நாற்காலியையே தூக்கி வெளியே போட்டுவிடுகிறோம்.

சொல்லுக்குள் இருக்கும் 'பார்' கதவுக்குக் குறுக்கே போடும் கட்டை. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்களின் 'பார்', குடிக்கப் போகும் 'பார்', இரண்டும் அதே கட்டையிலிருந்து வந்தவைதான். (ஒன்றில் நுழையப் பட்டம் வேண்டும், மற்றதில் பர்ஸ் போதும்.) வேடிக்கை என்னவென்றால், டிபாரின் பழைய பிரெஞ்சு மூலத்துக்குக் கட்டையை எடுத்துக் கதவைத் திறப்பது என்று பொருள். வழியில் எங்கேயோ அர்த்தம் தலைகீழாகி, ஆங்கிலத்தில் அடைப்பதாகிவிட்டது.

பீட்டர் மார்க் ரோஜே 1852-ல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தில் சொற்களை அகர வரிசையில் அல்ல, கருத்து வகைகளாக அடுக்கினார். அதில் 'எக்ஸ்க்ளூஷன்' முதல் வகுப்பில், அருவமான உறவுகளின் கீழ் வருகிறது. முழுமை, பகுதி, சேர்மானம் எல்லாம் அதன் அக்கம்பக்கத்து வீடுகள். 'புரொஹிபிஷன்' வெகு தூரம் தள்ளி, மனித விருப்பத்தைப் பற்றிய வகுப்பில் இருக்கிறது. ஒருவர் வெளியே இருப்பது கணக்கு, ஒருவரைக் கூடாது என்பது செயல் என்று பிரித்து வைத்தது போல இருக்கிறது. ரோஜே இதை யோசித்துத்தான் செய்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. வெளியே இருப்பவரைக் கணக்கில் விடுபட்டவர் போலப் பேசும் பழக்கம் நம்மிடமும் நன்றாகவே இருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரு அருமையான வசதி உண்டு. விலகு – விலக்கு. ஒதுங்கு – ஒதுக்கு. நீங்கு – நீக்கு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்து மறந்தது. தானாக நகர்ந்தாயா, உன்னை யாராவது நகர்த்தினார்களா என்பதை ஒரு மெய்யெழுத்தில் சொல்லிவிடலாம். டிபாரை மொழிபெயர்க்க இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நாம் பெயர்ச்சொல்லுக்குத் தாவிவிடுகிறோம். வரிவிலக்கு, மதுவிலக்கு, நீட் விலக்கு, ஊர்விலக்கு. முதலாவதில் சுமை இறங்குகிறது. இரண்டாவதில் சரக்கு போகிறது; ராஜாஜி அரசு 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது அது. மூன்றாவது ஒரு மாநிலமே கேட்கும் கோரிக்கை. நான்காவதில் மட்டும் மனிதர் போகிறார். திறப்பதும் அடைப்பதும் ஒரே சொல்லில், டிபாரின் பிரெஞ்சுக் கதை மாதிரியே. எது எதிலிருந்து விலகியது என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டியிருப்பதைப் பொறுத்தது. யார் விலக்கினார்கள் என்பது எங்குமே இல்லை.

இதைவிட மோசமானது தன்வினையைப் போர்த்திக்கொண்டு வரும் பிறவினை. மாதவிடாய் நாட்களில் ஒரு பெண்ணைத் திண்ணையிலோ பின்கட்டிலோ உட்கார வைத்துவிட்டு, யாராவது கேட்டால் "ஒதுங்கியிருக்கா" என்பார்கள். அவளா ஒதுங்கினாள்? தட்டை, பாயைத் தனியாக வைத்தது யார்? ஒதுக்கியவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, வாக்கியத்தின் எழுவாயாக அவளை நிறுத்திவிடுகிறார்கள். தெருவில் "ஒதுங்கிப் போ" என்று சாதி சொன்னபோதும் இதே இலக்கணம்தான். கட்டளை இவனுடையது, வினை அவனுடையது.

இவ்வளவுக்கும் ஊர்ப் பேச்சு பல நேரம் நேர்மையாக இருக்கிறது. "ஊரை விட்டுத் தள்ளி வச்சிட்டாங்க, நல்லது கெட்டதுக்குச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க" என்பதில் அந்த 'ஆங்க' இருக்கிறது. வச்சவர்கள் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். செய்தித்தாளுக்கு வரும்போது அது "ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பம்" ஆகிறது. நம் இலக்கிய விமர்சனத்துக்கு வரும்போது "விளிம்புநிலை" ஆகிறது. எனக்கு இந்தச் சொல்லோடு பெரிய தகராறு. மலையடிவாரம், ஆற்றங்கரை மாதிரி அது ஒரு இடத்தின் பெயராக ஒலிக்கிறது. விளிம்பில் சிலர் வாழ்கிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது, நாமும் பரிவோடு மதிப்புரை எழுதுகிறோம். நடுவில் உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்வி மதிப்புரையின் எந்தப் பத்தியிலும் வருவதில்லை.

சரி, எல்லா இடத்திலும் பிறவினை போட்டால் தீர்ந்துவிடுமா? காஃப்காவின் 'சட்டத்தின் முன்னால்' கதை அதற்கு இடம் தராது. கிராமத்து ஆள் சட்டத்தின் வாசலுக்கு வருகிறான். கதவு திறந்தே இருக்கிறது. காவலாளி அவனைப் பிடித்துத் தள்ளுவதில்லை, இப்போது முடியாது என்கிறான், அவ்வளவுதான். அவன் ஆயுள் முழுக்கக் காத்திருந்து சாகிறான். அவனை விலக்கினார்களா, விலகினானா? இதைத் தமிழில் தருபவர் "தடுத்துவிட்டான்" என்று எழுதினால் கதையில் இல்லாத ஒரு கட்டையைக் குறுக்கே போடுகிறார். "நுழையவில்லை" என்று மட்டும் எழுதினால் காவலாளியை விடுதலை செய்துவிடுகிறார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் காஃப்கா நிற்கிறார்.

நம் பக்கத்திலேயே அப்படியொரு வாசல் இருந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தையில் அவர் வருத்தம் தெரிவித்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். பிறகு எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது.

இன்றைக்கும் அந்த நாவலைப் பலர் "தடை செய்யப்பட்ட நாவல்" என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். அரசு அதைத் தடை செய்யவே இல்லை. தடை என்றால் ஆணை இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்துப் போட்ட ஒரு அதிகாரி இருப்பார், எதிர்த்து வழக்குப் போட ஒரு முகவரி இருக்கும். இங்கே இருந்த கையெழுத்து எழுதியவருடையது. காகிதத்தில் பார்த்தால் அவர் விலகினார், தன்வினை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், வெளியே நின்ற கூட்டம், கடையை அடைத்த ஊர், யார் பெயரும் அந்த வினைச்சொல்லில் ஒட்டவில்லை. "தடை செய்யப்பட்ட" என்று பின்னட்டையில் போட்டால் புத்தகம் நாலு பிரதி கூடுதலாக விற்கும். ஆனால் அரசு செய்யாததை அரசின் தலையில் கட்டிவிட்டு, செய்தவர்களை ஊருக்குள் நிம்மதியாக அனுப்பி வைத்துவிடுகிறோம். "அவரை விலக வைத்தார்கள்" என்று எழுதலாம். அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் அதில் அவரும் இருக்கிறார், அவர்களும் இருக்கிறார்கள்.