பெயரைப் பகிர்ந்தால் போதுமா?

2020-இல் கொரோனாவால் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பூட்டப்பட்டபோது, ஐஜெம் போட்டியின் மாணவர் அணிகள் திண்டாடிப்போயின. 2004-இல் எம்.ஐ.டி.யில் 5 அணிகளோடு தொடங்கிய செயற்கை உயிரியல் போட்டி அது. 2020-இல் அதில் 200-க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. பிப்பெட்டைத் தொட முடியாத மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே மரபணு வடிவமைப்புக்கும் கணித மாதிரிகளுக்கும் திரும்பினார்கள். இறுதி விழாவும் இணையத்திலேயே நடந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்யக் கணினிக் கருவிகள் வேண்டும்: டி.என்.ஏ. வரிசைகளை வடிவமைக்கப் பென்ச்லிங், அறிக்கை எழுத ஓவர்லீஃப், நிரல் ஓட்டக் கோலாப், மேற்கோள்களுக்கு ஜோடேரோ. இப்படி ஒரு பட்டியலை அடுத்த அணிக்கு அனுப்புவதுதான் கருவிப் பகிர்வு என்று பலரும் நினைக்கிறோம். பிற அணியோடு ஒத்துழைத்ததைக் காட்டினால்தான் வெள்ளிப் பதக்கம் என்ற விதியும் அப்போது இருந்தது. நல்ல நோக்கமுள்ள விதிதான். ஆனால் பட்டியலை அனுப்பிவிட்டு ஒத்துழைத்தோம் என்று சொல்லிக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது.

ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்கும் சீனியர் ஒரு கருவியின் பெயரை மட்டுமா சொல்கிறார்? அது எங்கே காலை வாரும் என்பதையும் சேர்த்தல்லவா சொல்வார். தொலைவில் வேலை செய்யும்போது முதலில் விட்டுப்போவது இந்தப் பாதிதான்.

எக்செலையே எடுத்துக்கொள்வோம். 'செப்ட்2', 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர்களை அது தேதி என்று எண்ணி மாற்றிவிடும். பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் வராது; கோப்பைச் சேமித்துவிட்டால் பழைய பெயர் போனதுதான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழையைக் கண்டது. அவையும் ஆய்வாளர்கள் எழுதியவைதான். கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்களையே 'செப்டின்2', 'மார்ச்எஃப்1' என்று மாற்ற வேண்டியதாயிற்று. நெடுவரிசையை முதலில் 'உரை' என்று அமைத்துவிடுங்கள் என்ற ஒற்றை வரி, பத்துக் கருவிகளின் பெயரைவிட மதிப்புள்ளது.

கோலாப் இதற்கு நேர் எதிர். அதன் குறையை எளிதில் பார்த்துவிடலாம். இலவசக் கணக்கில் ஓர் ஓட்டம் அதிகபட்சம் 12 மணி நேரம். அது முடிந்ததும் அங்கே உருவான கோப்புகள் அழிந்துபோகும். நூலகங்களின் பதிப்புகளும் மாறிக்கொண்டே இருப்பதால், பதிப்பு எண்களைக் குறிக்காத நோட்புக் அடுத்த ஆண்டு ஓடாமல் போகலாம். ஆனாலும் மடிக்கணினி வசதி குறைந்த மாணவருக்கு அது பெரிய வரம். அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த ஆண்டு வரும் அணியால் இந்தக் கோப்பைத் திறக்க முடியுமா? பென்ச்லிங்கின் வரிசைகளை ஜென்பேங்க் வடிவில் இறக்கிக்கொள்ளலாம். வேறு மென்பொருளும் அதைப் படிக்கும். ஓவர்லீஃபில் இருப்பது வெறும் உரைக் கோப்பு. ஜோடேரோ திறந்த மூல மென்பொருள். மூன்றும் தேறுகின்றன, அவ்வப்போது இறக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் பட்டம் பெற்றுப் போய்விட்டால் எந்தக் கருவியும் தேறாது.

ஆகவே, வெறும் பட்டியலைப் பகிர்வு என்று நான் ஏற்கமாட்டேன். ஒரே ஒரு கருவி, அதில் செய்து முடித்த ஒரு மாதிரிக் கோப்பு, அது சறுக்கிய இடம், தரவை வெளியே எடுக்கும் வழி: இவற்றை அனுப்பும் அணிக்கே என் மதிப்பெண்.