ஒரே சுரத்தில் கட்டிய முடிவு

மூன்று நிமிட பாப் பாட்டை முடிப்பது பெரிய வேலையில்லை. பல்லவியை இரண்டு முறை திருப்பிப் பாடி, ஒலியை மெல்லக் குறைத்துக்கொண்டே போனால் ஆயிற்று. ப்ரோக்ரெசிவ் ராக்கில் அந்தச் சலுகை கிடையாது. 12 நிமிடம், 20 நிமிடம் என்று கேட்பவரை உட்காரவைத்து, தாளத்தை நான்கு தடவை மாற்றி, மெட்டை எங்கெங்கோ அலையவிட்டு, கடைசியில் கைவிட்டால் அது துரோகம். அதனால்தான் இந்த வகைக் குழுக்களை எடைபோடும்போது கடைசி மூன்று நிமிடத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

என் கணக்கில் முதலிடம் கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்'. இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

1974இல் வெளியான 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இது. 12 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். முதல் நான்கு நிமிடத்துக்கு ஜான் வெட்டனின் குரலில் சோகம் தோய்ந்த, நிதானமான பாட்டு. அதன் வாசலிலேயே, மெலட்ரான் விரித்த கம்பளத்தின் மேல், ராபர்ட் ஃப்ரிப்பின் கிட்டார் ஒரு நீண்ட மெட்டை இழைக்கிறது. அந்த மெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு அடங்குகிறது. பேஸ் கிட்டார் தனியாக, 13 எண்ணிக்கையில், ஒரு சிறு சுற்றைத் தொடங்குகிறது. டிரம்மர் பில் புரூஃபோர்டு யோசித்துக் கொடுத்த சுற்று அது.

அதன்மேல் ஃப்ரிப் வாசிப்பது ஒரே ஒரு சுரம். அதையே இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டுகிறார். பேஸ் இடம் மாறினால் அவரும் சற்றே நகர்கிறார். பிறகு மறுபடி அதே பிடிவாதம். மின்னல் வேகத்தில் விரலோட்டம் காட்டக்கூடிய மனிதர் இவர். அந்த வித்தையை முழுக்கப் பூட்டிவைத்துவிட்டு, படிப்படியாகச் சுரத்தை மட்டும் ஏற்றுகிறார். புரூஃபோர்டும் அவசரப்படவில்லை. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னத் தாளக் கருவிகளின் சத்தம், நடுநடுவே வெறும் மௌனம். டிரம்ஸ் முழுதாக உள்ளே வரும்போது கேட்பவருக்கு மூச்சு முட்டியிருக்கும். இப்படி நான்கு நிமிடத்துக்கும் மேல் முறுக்கிக்கொண்டே போய், ஒரு நொடியில் கட்டு அறுந்து எல்லாமே இரட்டை வேகத்தில் பாய்கிறது.

அந்தப் பாய்ச்சலும் முடிவு அல்ல. ஆரம்பத்தில் கிட்டாரில் கேட்ட மெட்டு, இப்போது சாக்ஸபோனில், முழுக்குழுவின் பலத்தோடு எழும்பி வருகிறது. சுரங்கள் அதேதான். ஆனால் முதல் தடவை புலம்பலாக இருந்தது, இரண்டாம் தடவை தோள்கொடுத்துத் தூக்குகிறது. இடையில் அந்த ஒற்றைச் சுரத்தோடு நாம் பட்ட பாடுதான் அதற்குக் காரணம். கடைசி ஓவரில் அடிக்கிற சிக்ஸரை எல்லோரும் கொண்டாடுவார்கள். அதற்கு இடம் அமைத்துக் கொடுத்த நடு ஓவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 'ஸ்டார்லெஸ்' ஜெயித்தது நடு ஓவர்களில்.

சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஒருவர் இயன் மெக்டொனால்டு. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1969 முடிவிலேயே விலகியவர். அவர் விருந்தினராகத் திரும்பிவந்து வாசித்த இந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் ஃப்ரிப் குழுவையே கலைத்துவிட்டார்.

இரண்டாம் இடம் ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' (1972). ஏழு பகுதிகள், சுமார் 23 நிமிடம். ஆறாவது பகுதியில் 9 எண்ணிக்கைத் தாளத்தின் மேல் டோனி பேங்க்ஸ் ஆர்கனில் தனி ஆவர்த்தனம் செய்கிறார். அந்த இடம் தனக்கே உரியது என்றுதான் பேங்க்ஸ் நினைத்திருந்தார். பீட்டர் கேப்ரியல் அதன் உச்சியில் பாட ஆரம்பித்ததும் முதலில் அவருக்கு எரிச்சல். பிறகு, பாட்டே அங்கேதான் உயரம் தொடுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அதன்பின் தொடக்கப் பகுதிகளின் மெட்டுகள் ஒவ்வொன்றாக வீடு திரும்புகின்றன. இத்தனை செய்தவர்கள் கடைசியில் ஒலியைக் குறைத்துக் கரையவிட்டார்களே என்பதுதான் என் தீராத மனக்குறை. இந்தப் பயணத்துக்கு ஓங்கி அடித்த ஒரு நிறுத்தம் வேண்டும்.

இதே குறை யெஸ் குழுவின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்' (1971) மீதும் உண்டு. அதன் கடைசிப் பகுதியான 'வர்ம்', ஸ்டீவ் ஹவ் தன் பழைய குழுவிலிருந்து கொண்டுவந்த சரக்கு. மூன்றே மூன்று கார்டுகள், திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றுக்கும் கனம் கூடிக்கொண்டே. கிட்டார் இடமும் வலமுமாகப் பேசிக்கொள்ளும் இடத்தில், நாம் இன்னும் கேட்கத் தயாராக இருக்கும்போதே, ஸ்டூடியோ ஒலியைக் குறைத்துவிடுகிறது. மேடையில் அந்த வசதி இல்லை, முடித்தே ஆகவேண்டும். 1973இன் 'யெஸ்சாங்ஸ்' நேரடிப் பதிவில் கடைசிப் பாட்டாக இதைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

ஒலி கரைவதை நான் மனதார ஏற்கும் ஒரே இடம் பிங்க் ஃபிளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' (1975). சித்தம் சிதைந்து குழுவைவிட்டுப் போன சிட் பாரெட்டுக்காக எழுதப்பட்டது. ஒன்பதாம் பகுதி தேய்ந்து மறைகிற தருவாயில் ரிச்சர்டு ரைட் சிந்தசைஸரில் சில சுரங்களைத் தொடுகிறார். பாரெட் 1967இல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' மெட்டு அது. கவனிக்காதவர் காதில் விழவே விழாது. அவ்வளவு அடக்கமாக நண்பனை நினைவுகூர்ந்த இன்னொரு முடிவு இந்த வகை இசையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஈ.எல்.பி. குழுவின் 'லக்கி மேன்' (1970) முடிவில் கீத் எமர்சன் மூக் சிந்தசைஸரில் வாசித்ததை நண்பர்கள் எப்போதும் முன்னே நிறுத்துவார்கள். ஒத்திகைபோல அவர் வாசித்துப் பார்த்ததே பதிவாகி நிலைத்தது. ஒலி அபாரம்தான். ஆனால் எளிமையான அந்தப் பாட்டு அப்படியொரு முடிவைக் கேட்கவில்லை. மேலே ஒட்டவைத்தது ஒட்டவைத்ததாகவே நிற்கிறது.

2014இல் மூன்று டிரம்மர்களை மேடையின் முன்வரிசையில் உட்காரவைத்து ஃப்ரிப் கிங் கிரிம்சனை மீண்டும் கூட்டினார். 'ரெட்' ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்த மெல் காலின்ஸ் நாற்பது ஆண்டு கழித்து அதே மெட்டை வாசிக்க வந்திருந்தார். 'ஸ்டார்லெஸ்' நடுப்பகுதியில் மேடை விளக்குகள் மெல்லச் சிவக்கும். அந்தப் பதிவுகளில் பலம் அதிகம், காலின்ஸின் ஊதலில் முதிர்ச்சியும் அதிகம். இருந்தும் நான் 1974க்கே திரும்புகிறேன். மூவர் பகிர்ந்துகொண்ட தாளத்தில், புரூஃபோர்டு தனியாளாக அடிக்காமல் விட்ட அந்த இடைவெளிகள் இல்லை.