சாளரமா, உலாவியா? சார்புமுறை நிரலாக்கத்தின் முகப்புச் சிக்கல்

கணிதப் பாடத்தில் சார்பு என்று ஒன்றைக் கற்பிக்கிறோம். ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடை. நேற்று ஒன்று, இன்று வேறொன்று என்பது அதில் இல்லை. நிரல் முழுவதையும் இத்தகைய சார்புகளாலேயே கட்டலாம் என்னும் கொள்கையே சார்புமுறை நிரலாக்கம். அக்கொள்கையைத் தழுவிய ஹாஸ்கல் மொழியின் முதல் வரையறை 1990-இல் வெளிவந்தது. கணக்கிடும் வேலையில் அது பெற்ற சிறப்பை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால், பயனர் தொடும் ஒரு சிறு பொத்தானில் அக்கொள்கையினர் இடறி விழுந்தனர். வலைப்பக்கமே அவர்களைக் கரையேற்றிற்று என்று இன்று பலரும் சொல்கின்றனர். அக்கூற்று எவ்வளவு உண்மை என்பதே ஈண்டு நாம் ஆராய விழைவது.

இடறியதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களுக்கே உரிய சாளர நூலகங்களில், ஒவ்வொரு பொத்தானும் தன் நிலையைத் தானே நினைவில் வைத்திருக்கும் ஒரு பொருள். ‘எழுத்தை மாற்று, நிறத்தை மாற்று’ என்று கட்டளையிட்டே அதனை ஆள வேண்டும். கட்டளை வேறு, சார்பு வேறு அன்றோ?

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்து மாக்னஸ் கார்ல்சனும் தாமஸ் ஹால்கிரெனும் 1993-இல் ‘ஃபட்ஜெட்’ என்னும் முறையை வெளியிட்டனர். அதில் முகப்பின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு குழாய். செய்தி ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவரும். குழாய்களைப் பொருத்தினால் முகப்பு அமைந்துவிடும். அழகிய கருத்து, இத்துறையில் இதனினும் துணிவான முயற்சி வேறில்லை என்பது எம் எண்ணம். ஆயினும், தள்ளியிருக்கும் இரண்டு உறுப்புகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் குழாய்களைச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டியதாயிற்று. 2004-இல் டான் லெய்யென் அறிமுகப்படுத்திய ‘டபிள்யூஎக்ஸ் ஹாஸ்கல்’ வேறு வழி சென்றது. சி++ மொழியில் எழுதிய நூலகத்துக்கு மேல் அது ஒரு போர்வை. வேலை நடந்தது. ஆனால் எழுத்து ஹாஸ்கல், இலக்கணம் சி++ என்றே அந்நிரல்கள் படிக்கின்றன.

பின்னர் 2012-இல் எவன் சாப்ளிக்கி, ஹார்வர்டில் தம் ஆய்வேட்டின் வழி எல்ம் மொழியைத் தந்தார். அம்மொழியில் நிலைபெற்ற அமைப்பை வருகைப் பதிவேட்டைக் கொண்டு விளக்கலாம். பதிவேடு ஒரு மதிப்பு. ஒரு பெயரைத் தொட்டால் ஒரு சார்பு புதிய பதிவேட்டைத் தரும். இன்னொரு சார்பு அதற்குரிய பக்கம் முழுவதையும் புதிதாக விவரிக்கும். பழைய விவரிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மட்டும் திருத்துவது அடியிலுள்ள எந்திரத்தின் பொறுப்பு. ஃபேஸ்புக் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ரியாக்ட் நூலகமும் இவ்வழியினதே.

வலை இயல்பாகவே சார்புக்கு இசைந்தது என்பார் இங்கேதான் தவறுகின்றனர். உலாவிக்குள்ளும் மாறும் பொருள்களே உள்ளன, கட்டளைகளே ஓடுகின்றன. ஒப்பிட்டுத் திருத்தும் எந்திரம் அவற்றை மறைக்கிறது, அவ்வளவே. அத்தகைய எந்திரத்தைச் சாளர நூலகத்தின் மேலும் வைக்கலாம். ஆப்பிள் நிறுவனத்தாரின் ஸ்விஃப்ட்யூஐ 2019-இலும், ஆண்ட்ராய்டுக்குரிய ஜெட்பேக் கம்போஸ் 2021-இலும் விவரிக்கும் முறை வலைக்கு வெளியேயும் இயலும் என்று காட்டின. ஆகவே பெருமை வலைக்கு உரியதன்று. விவரிக்கும் முறைக்கு உரியது.

வலையின் மெய்யான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. தமிழாசிரியர்கள் கருதவேண்டியது இது. ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. கணினியின் சேமிப்பிலோ இரண்டும் ககரத்துக்குப் பின்னரே வருகின்றன. எழுத்துகளை உரிய இடத்தில் அடுக்க ‘ஹார்ஃப்பஸ்’ போன்ற தனி நூலகம் வேண்டும். உலாவியில் அது ஆயத்தமாக உண்டு. லினக்ஸின் ஜிடிகே சாளர நூலகத்திலும் உண்டு. ஆனால் திரையில் தாமே கோடிழுத்து வரைந்துகொள்ளும் தூய ஹாஸ்கல் நூலகங்களைப் பாருங்கள். மாணவர்க்கு உகந்ததெனப் போற்றப்படும் ‘கிளாஸ்’ நூலகம் ஆங்கில எழுத்தை மட்டுமே எழுதும். வட்டமும் சதுரமும் வரைய நன்று. தமிழ்ப் பாடத்துக்கு உதவாது.

வலையின் விலையையும் சொல்லியாக வேண்டும். கிட்ஹப் நிறுவனத்தார் 2013-இல் தொடங்கிய எலெக்ட்ரான் முறையில், ஒரு சிறு பயிற்சி நிரலும் ஓர் உலாவி முழுவதையும் முதுகில் சுமந்து வருகிறது. பழைய கணினிகளை வைத்து வகுப்பு நடத்துவோர்க்கு அச்சுமையின் பொருள் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது ஹைன்ரிக் அப்ஃபெல்மஸின் ‘திரீபென்னி’ நூலகம். நிரல் ஹாஸ்கலில் நம் கணினியிலேயே ஓடும். ஏற்கெனவே அங்குள்ள உலாவி காட்சிப் பலகையாகும். இணைய இணைப்பே வேண்டியதில்லை. எம் தேர்வு இதுவே. ஒன்று மட்டும் கவனத்திற்குரியது: ஒவ்வொரு தொடுதலும் உலாவியிலிருந்து நிரலுக்குச் சென்று திரும்ப வேண்டும். ஒரே மேசைக்குள் இது பொருட்டன்று. நிரலை வெளியூரில் வைத்து, தோட்டத்துப் பள்ளியின் மெல்லிய இணைப்பில் அதனைப் பயன்படுத்தினாலோ, மாணவன் இரண்டாம் எழுத்தைத் தட்டிய பின்னரே முதல் எழுத்துக்குரிய விடை திரைக்கு வரும்.