வேடமும் குரலும்

‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டு 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனையுலகில், ஒரே வேளையில், ஆளுக்கொரு வேடம் பூண்டு உலாவுவதே இத்தகைய விளையாட்டுக்களின் இயல்பு. உள்ளே புகுபவர் முதலில் தமது பாத்திரத்தை வனைந்துகொள்ள வேண்டும். இனம், பால், தொழில், முகம், கூந்தல் ஆகிய யாவும் அவரது விருப்பத்துக்கு விடப்பட்டன. குரல் மட்டும் விடப்படவில்லை. ‘ட்றோல்’ என்ற இனத்தைத் தெரிந்தவர் எந்நாட்டவராயினும், அவருடைய பாத்திரம் வாய்திறந்தால் ஜமேக்காத் தீவின் கறுப்பின மக்களது ஆங்கிலச் சாயலிலேயே பேசும். அவ்வினத்து ஆண்பாத்திரம் ஆடும் ஆட்டமோ, பிறேசிலில் அடிமைப்பட்டிருந்த ஆபிரிக்கர் வளர்த்த கபொய்றாவைப் பார்த்துச் செய்தது. கதையில் இந்த ட்றோல்கள் யாரெனின், பில்லிசூனியம் பயிலும் காட்டுக் குலத்தவர்! 2020இல் தோலின் நிறம், கண், கூந்தல் முதலியவற்றுக்கான தெரிவுகளை நிறுவனத்தார் பெருமளவு பெருக்கினர். அப்போதும் குரலைத் தொட்டாரில்லை.

இதனைச் சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒருவர் எவ்வூரார், எவ்வகுப்பார், எவ்வளவு கற்றவர் என்பனவற்றை முகத்தைக் காட்டிலும் விரைவாகக் காட்டிக்கொடுப்பது குரல். எழுத்தில் மக்களின் பேச்சு இடம்பெற்றபோது அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்த அறுபதுகளின் வாதப்பிரதிவாதங்களை அறிந்த நமது வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2011 டிசெம்பரில் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்: த ஓல்ட் ரிபப்ளிக்’ இவ்வகையில் ஒரு பெருமுயற்சி. அதுவரை இத்தகைய விளையாட்டுக்களில் ஆட்டக்காரரின் பாத்திரம் பெரும்பாலும் ஊமையாகவே இருந்தது. பேச்சு எழுத்தில் தோன்றி மறையும். இதிலோ, 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளை நடிகர்கள் பேசிப் பதிவுசெய்தனர். எட்டுத் தொழில்வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்குரல் ஒன்று, பெண்குரல் ஒன்று. அவ்வளவுதான். உடலையும் நிறத்தையும் எப்படி மாற்றினாலும் வாயிலிருந்து வருவது அதே குரல்.

அக்குரல்கள் பங்கிடப்பட்ட விதத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். குடியரசின் பக்கம் நிற்போர் அமெரிக்க ஆங்கிலம் பேசுகின்றனர். கொடுங்கோல் பேரரசின் பக்கம் நிற்போர் பெரும்பாலும் பிரித்தானிய மேட்டுக்குடி ஆங்கிலம் பேசுகின்றனர். இது அமெரிக்கச் சினிமாவின் நெடுநாளைய பழக்கம். இப்பேரரசின் தரப்பில் ‘சித் இன்குவிசிட்டர்’ என்றொரு வகுப்பு உண்டு. அவ்வகுப்பினர் கதைப்படி அடிமையாக இருந்தவர். தளையிலிருந்து மீண்டு அதிகாரத்தின் உச்சிக்கு ஏறுபவர். இந்த எட்டுக் கதைகளுள் வர்க்க முரண்பாட்டை நேராகத் தொடும் கதையென இதனையே சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அவ்வடிமை தனது முதல் வசனத்தையே ஆண்டானின் நாவினால் பேசுகிறாள். அவள் பிறந்த சேரி எங்கே? தாயிடம் கற்ற பேச்சு எங்கே? மெல்ல மெல்ல ஆண்டானின் உச்சரிப்பைக் கற்றுக்கொண்டாள் என்றோ, கற்க மறுத்தாள் என்றோ காட்ட இடமே இல்லை. கொச்சையான, தழுதழுத்த, தூர மாகாணத்துக் குரலொன்று தெரிவுக்கு வைக்கப்பட்டிருப்பின், ஆட்டக்காரர் ஒருவர் அதே வசனங்களைக் கொண்டே வேறொரு கதையை ஆக்கியிருப்பார். குரலைத் தெரியும் உரிமை வெறும் அலங்காரமன்று என்று நான் கருதுவது இதனாலேயே.

யப்பானில் 2012இல் வந்த ‘ஃபான்டசி ஸ்டார் ஒன்லைன் 2’ இவ்வுரிமையைத் தாராளமாக வழங்கிற்று. பல குரல்களுள் ஒன்றைத் தெரியலாம். அதன் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் மேலதிகமான குரல்கள் அதிட்டச்சீட்டுப் போன்ற முறையில் காசுக்கு விடப்பட்டன. மேலும், அங்கே குரல் பெரும்பாலும் போர்க்களத்துக் கூச்சலுக்கும் சில சொற்களுக்குமே பயன்பட்டது. பேச்சு நிறைந்த இடத்தில் தெரிவில்லை; தெரிவு நிறைந்த இடத்தில் பேச்சில்லை.

ஆட்டக்காரர் தமது சொந்தக் குரலிலேயே பேசிவிடலாமே என்று சிலர் கேட்பர். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ தொடங்கிய முதலாவது பலர்கூடி ஆடும் கணினியுலகை வளர்த்தெடுத்தவர் ரிச்சாட் பார்ட்டில். அவர் 2003இல் எழுதிய கட்டுரையில் இதனை வன்மையாக எதிர்த்தார். மெய்யுலகின் குரல் உட்புகுந்தால் கற்பனையுலகு கற்பனையுலகாக இராது என்பது அவர் வாதம். கலைநோக்கில் அது சரியே. ஆனால் அதனிலும் பாரதூரமான காரணம் வேறொன்று உண்டு. ‘ஹேலோ 3’ என்ற போர் விளையாட்டில் நடத்தப்பட்டு 2013இல் அச்சேறிய ஆய்வொன்றில், முன்கூட்டியே பதிவுசெய்த ஒரே வகையான தீங்கற்ற வாக்கியங்கள் ஒருமுறை ஆண்குரலிலும் ஒருமுறை பெண்குரலிலும் ஒலிக்கவிடப்பட்டன. பெண்குரலுக்குக் கிடைத்த வசைகள் ஆண்குரலுக்குக் கிடைத்தவற்றின் மூன்று மடங்கு. இத்தகைய சூழலில் ஒரு பெண் தன் குரலைக் கருவியால் மாற்றிக்கொண்டு ஆடுவாளாயின் அவளைக் குறைகூற யாருக்கும் அருகதையில்லை. எனினும், ஏசுபவனை வெளியேற்ற வேண்டிய நிறுவனம், ஏச்சுக் கேட்பவளுக்கு முகமூடி தருவதோடு தன் கடமை தீர்ந்ததென்று இருத்தல் ஏற்கத்தக்கதன்று.

இனி, குரலுக்கு உடையவரைப் பற்றிப் பேசவேண்டும். ஆட்டக்காரர் தெரியும் ஒவ்வொரு குரலும் ஒரு தொழிலாளியின் தொண்டையிலிருந்து வந்தது. செயற்கை அறிவு வளர்ந்துவிட்ட இந்நாளில், பதிவுசெய்த சில மணிநேரப் பேச்சைக் கொண்டு அந்நடிகர் ஒருபோதும் பேசாத வசனங்களையும் அவர் குரலிலேயே பேசவைக்கலாம். அமெரிக்க நடிகர் சங்கத்தினர் 2024 யூலை 26ஆந் திகதி முதல் விளையாட்டு நிறுவனங்களுக்கெதிராக நடத்திய வேலைநிறுத்தத்தின் மையப்பொருள் இதுவே. ஏறத்தாழப் பதினொரு மாதங்கள் அது நீடித்தது. தம் குரலின் நகலைச் செய்வதாயின் தம் சம்மதமும் தமக்குரிய ஊதியமும் வேண்டுமென்று கேட்டனர். 2025 யூலையில் உறுதிப்பட்ட ஒப்பந்தத்தில் அப்பாதுகாப்புகள் இடம்பெற்றன.

ஆகவே, குரல் மாற்றும் வசதி வேண்டுமென்று எழுப்பப்படும் கோரிக்கை எவ்வடிவில் எழுப்பப்படுகிறது என்பது முக்கியமாகிறது. எண்ணற்ற குரல்களை இயந்திரம் பொறித்துத் தரட்டும் என்று கேட்டால், நிறுவனத்தார் மகிழ்ச்சியோடு இணங்குவர், செலவு மிச்சம். அவ்வடிமைப் பெண்ணுக்கு இன்னொரு குரல் வேண்டும், அதற்கு இன்னொரு நடிகையை அமர்த்துங்கள். ட்றோலுக்கு ஜமேக்காக் குரல்தான் வேண்டுமென்றால், ஜமேக்கர் ஒருவரையே அழைத்து, அப்பாத்திரத்தின் வசனத்தைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்றும் கேளுங்கள் எனச் சொன்னால் அவர்கள் தயங்குவர். ஆட்டக்காரர் கேட்கவேண்டியது இதனைத்தான்.