பனிமூட்டத்தில் ஒன்பது பெட்டிகள்

கெனன் இஓஎஸ் 1500டி கமராவோடு கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலுள்ள தேயிலை மலையில் ஏறினேன். கொழுந்து எடுக்கும் பெண்கள், கீழே 1985-இல் கட்டி முடித்த அணை, தூரத்தில் மகாவலி மகா சேயவின் வெள்ளைக் குவிமாடம். வியூஃபைண்டரில் எல்லாமே மங்கல். லென்ஸ் பழுதென்று பயந்துவிட்டேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், படங்கள் அத்தனையும் துல்லியம்! முதல் நாள் கமராவை எடுத்த தம்பி, தன் கண்ணுக்கு ஏற்றபடி டயாப்டர் சில்லைத் திருப்பியிருந்தான்.

கண் வைக்கும் இடத்துக்கு வலப்பக்கம் இருக்கும் சின்னஞ்சிறு சில்லு அது. உள்ளே தெரியும் காட்சியை நம் பார்வைக்குத் தெளிவாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. பதிவாகும் படத்தைத் தொடாது. தானியங்கி ஃபோகஸும் மாறாது. ஆனால் கையால் ஃபோகஸ் செய்பவருக்கு அந்தத் தெளிவுதான் உயிர்.

சரிசெய்ய நம் மலைப் பனிமூட்டத்தை விட நல்ல இடம் கிடையாது. வெண்பனியை நோக்கிக் கமராவைத் திருப்பினால் காட்சி மறைந்து, ஒன்பது ஃபோகஸ் பெட்டிகள் மட்டும் கறுப்பாக நிற்கும். சில்லைக் கூட்டல் பக்கம் முழுதாகத் திருப்பி, மெல்ல மெல்லப் பின்னால் கொண்டுவாருங்கள். பெட்டிகளின் கோடு முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் அப்பால் போனால் கண் தானே சிரமப்பட்டு ஈடுகட்டும்; சிறிது நேரத்தில் வலிக்கும். குளிரில் மூச்சுப் பட்டு வியூஃபைண்டரில் ஆவி படியும், அதை முதலில் துடைத்துவிடுங்கள்.

1500டி-இன் சில்லுக்கு வரம்பு −2.5 முதல் +0.5 வரை. என் கண்ணாடியின் எண் −2.25 என்பதால் கண்ணாடி இல்லாமலே பெட்டிகள் தெளிந்தன. நிகோன் டி3500-இன் வரம்பு −1.7 முதல் +0.5, என் எண்ணுக்கு அது எட்டாது. சோனி ஏ6400-இல் −4 முதல் +3 வரை உண்டு. கெனனில் இன்னும் வேண்டுமென்றால் தனியாக விற்கும் இ வகை டயாப்டர் வில்லையை மாட்டலாம். சிதறல் பார்வை உள்ளவருக்கு இந்தச் சில்லு உதவாது. அவர்கள் கண்ணாடியோடே பார்க்க வேண்டும்.

ஒரே கமராவைப் பலர் பயன்படுத்தும் வீடுகளுக்கு என் பரிந்துரை: கமரா கைக்கு வந்ததும் முதலில் அந்த ஒன்பது பெட்டிகளைப் பாருங்கள். மறுநாள் நான் பார்த்தேன். கொழுந்துக் கூடையின் பின்னல்கூட வியூஃபைண்டரிலேயே தெரிந்தது.